வீட்டுக் கணினியில் ஸ்கிரீன்ஷாட்: எடுப்பது, மறைப்பது, அனுப்புவது

பட்டர்வொர்த்தில் அம்மாவின் கணினியில் ஏதோ பிழைச் செய்தி. கோலாலம்பூரில் இருக்கும் மகனுக்குக் கைப்பேசியால் திரையைப் படம்பிடித்துப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்புகிறார். சன்னல் வெளிச்சம் பாதித் திரையை விழுங்கியிருக்கிறது, மீதியில் கோடுகோடாக நிறம் அலைகிறது. வேண்டியது அந்தப் பிழையின் எண் மட்டும்தான். அதுதான் தெரியவில்லை.

திரையின் நுண்புள்ளி வரிசையும் கேமராவின் வரிசையும் ஒன்றோடொன்று பொருந்தாததால்தான் அந்தக் கோடுகள் வருகின்றன. கையை எவ்வளவு அசையாமல் பிடித்தாலும் போகாது. தமிழுக்கு இதில் கூடுதல் நட்டம் உண்டு. படம் சற்று மங்கினால் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி. "க்" என்பது "க" ஆகிவிடும், "பட்டம்" என்பதைப் "படடம" என்று படிக்க வேண்டியிருக்கும். எனவே படத்தைக் கணினியே எடுக்கட்டும், அதுதான் ஸ்கிரீன்ஷாட்.

விசையை அழுத்த ஒரு நொடி போதும். புதியவர்கள் தடுமாறுவது அதற்கு முன்னும் பின்னும்தான்: எதைத் திரையில் வைத்து எடுப்பது, எடுத்த படம் எங்கே போனது, எதை மறைக்காமல் அனுப்பிவிட்டோம். கீழே உள்ள வரிசை அதற்காகத்தான்.

1. தொடங்கும் முன் நான்கு விஷயங்கள்

முதலில் உங்கள் விண்டோஸ் 10ஆ, 11ஆ என்று பாருங்கள். விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தினால் ஒரு சிறு பெட்டி வரும். அதில் ஆங்கிலத்தில் "வின்வெர்" (winver) என்று தட்டச்சு செய்து என்டர் அழுத்துங்கள். ஒரே விசை இரண்டு பதிப்பிலும் வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளும். அடுத்தவர் சொன்னபடி செய்தும் வரவில்லை என்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

அடுத்து பிரிண்ட் ஸ்கிரீன் விசையைக் கண்டுபிடியுங்கள். மேசைக் கணினியின் விசைப்பலகையில் எஃப்12க்கு வலப்பக்கம் இருக்கும். மடிக்கணினியில் அதே பெயர் சுருக்கமாக, சின்ன எழுத்தில், வேறொரு விசையின் மேல் அச்சாகியிருக்கலாம். அப்படியானால் இடது கீழ் மூலையில் உள்ள எஃப்என் விசையைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும். அந்த விசையே இல்லாத மடிக்கணினிகளும் உண்டு. அதற்காகக் கவலை வேண்டாம்: விண்டோஸ் + ஷிப்ட் + எஸ் எல்லாவற்றிலும் வேலை செய்யும்.

மூன்றாவது, விண்டோஸ் + வி அழுத்தி, நகல் நினைவக (கிளிப்போர்டு) வரலாற்றை இயக்குங்கள். இது இயல்பாக அணைந்திருக்கும். நகலெடுத்த படம் நினைவகத்தில் ஒன்றுதான் நிற்கும், அடுத்ததை நகலெடுத்ததும் முன்னது போய்விடும். வரலாற்றை இயக்கினால் 25 வரை நிற்கும். கணினியை மறுபடி தொடங்கினால், ஊசி குத்தி வைக்காதவை அழிந்துவிடும். வீட்டில் எல்லாரும் ஒரே கணக்கில் புழங்கும் கணினி என்றால், வேலை முடிந்ததும் அந்தப் பட்டியலைத் துடைத்துவிடுங்கள்.

நான்காவது, இந்தப் படத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று முடிவு செய்யுங்கள். உதவும் மகனா, வங்கி அதிகாரியா, போலீஸா, பள்ளிப் பெற்றோர் குழுவா? எவ்வளவு காட்டுவது, எதை மறைப்பது, மறைக்கவே கூடாதா என்பதெல்லாம் இதைப் பொறுத்துத்தான்.

2. திரையை ஒழுங்கு செய்தல்

இந்தப் படியைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். உலாவியில் திறந்து கிடக்கும் மற்ற தாவல்களின் தலைப்புகளும் படத்தில் விழும். மருத்துவமனைப் பெயரும் கடன் விண்ணப்பமும் அங்கே எழுதியிருக்கும். படம் எடுக்க வேண்டிய பக்கத்தை மட்டும் தனிச் சாளரமாக இழுத்து வையுங்கள்.

அறிவிப்புகளை நிறுத்துங்கள். சரியாக விசையை அழுத்தும் நேரத்தில் வலது கீழ் மூலையில் ஒரு தனிப்பட்ட செய்தி எழுந்து வரும், அதுவும் படத்தில் சேர்ந்துவிடும்.

எழுத்து சிறிதாக இருந்தால் கண்ட்ரோல் விசையோடு கூட்டல் குறியை அழுத்திப் பக்கத்தைப் பெரிதாக்கி, பிறகு எடுங்கள். எடுத்த படத்தைப் பின்னால் பெரிதாக்கினால் எழுத்து மங்கத்தான் செய்யும், ஏனென்றால் அதில் இருக்கும் புள்ளிகள் அவ்வளவுதான். தமிழ்ப் பக்கத்துக்கு 125 அல்லது 150 விழுக்காடு வைத்தால் மெய்ப்புள்ளி தெளிவாக நிற்கும்.

பிழைச் செய்தி என்றால் செய்திப் பெட்டியை மட்டும் வெட்டாதீர்கள். பின்னால் எந்த மென்பொருள் திறந்திருக்கிறது, முகவரிப் பட்டையில் என்ன இருக்கிறது என்பதும் தெரிந்தால்தான் உதவுபவருக்குக் காரணம் பிடிபடும்.

3. விண்டோஸில் எந்த விசை எதற்கு

வீட்டுக்கு ஒன்றே போதும் என்றால் விண்டோஸ் + ஷிப்ட் + எஸ். திரை சற்று மங்கி மேலே ஒரு சிறு பட்டை வரும். செவ்வகம், தனிச் சாளரம், முழுத்திரை, கையால் வரைவது என நான்கு வகை. சுட்டியால் இழுத்து விடுங்கள். விண்டோஸ் 11இல் அது நகல் நினைவகத்துக்கும் போகும், பிக்சர்ஸ் கோப்புறைக்குள் ஸ்கிரீன்ஷாட்ஸ் என்ற கோப்புறையிலும் தானாகச் சேரும். விண்டோஸ் 10இல் நினைவகத்துக்கு மட்டுமே போகும். மூலையில் எழும் அறிவிப்பைத் தட்டித் திறந்து நீங்களே சேமிக்க வேண்டும். அதைத் தவறவிட்டவர்கள்தான் "எடுத்தேன், காணவில்லை" என்கிறார்கள்.

விண்டோஸ் + பிரிண்ட் ஸ்கிரீன் முழுத்திரையையும் கோப்பாகவே சேமித்துவிடும். திரை ஒரு கணம் மங்கி மீளும், சேமித்ததற்கு அதுவே அடையாளம். இரண்டு திரை இணைத்திருந்தால் இரண்டும் ஒரே நீளப் படமாக வரும். பக்கத்துத் திரையில் வங்கிக் கணக்கு திறந்திருந்தால் அதுவும் சேர்ந்து வரும்.

ஆல்ட் + பிரிண்ட் ஸ்கிரீன் அப்போது செயலில் உள்ள சாளரத்தை மட்டும் நினைவகத்துக்கு எடுக்கும். அழுத்தும் முன் அந்தச் சாளரத்தின் தலைப்பில் ஒருமுறை சொடுக்குங்கள். இல்லாவிட்டால் வேறு சாளரம் வரும்.

பிரிண்ட் ஸ்கிரீனை மட்டும் தனியாக அழுத்தினால் பழைய கணினிகளில் எதுவும் நடக்காதது போலத் தெரியும். படம் நினைவகத்தில் உட்கார்ந்திருக்கும், எங்காவது ஒட்டினால்தான் வெளியே வரும். புதிய விண்டோஸ் 11இல் அதே விசை, விண்டோஸின் ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் கருவியான ஸ்னிப்பிங் டூலைத் திறக்கும். பழையபடி வேண்டுமென்றால் செட்டிங்ஸ், ஆக்சஸிபிலிட்டி, கீபோர்டு என்று போய் மாற்றிக்கொள்ளலாம்.

நெட்பிளிக்ஸ் போன்றவற்றில் படம் கறுப்பாக வந்தால் அது உங்கள் தவறு அல்ல. காப்புரிமைப் பாதுகாப்பு அந்தப் பகுதியை மறைத்துவிடுகிறது.

4. மேக், உபுண்டு

மேக்கில் கமாண்ட் + ஷிப்ட் + 3 முழுத்திரை, 4 தேர்ந்தெடுத்த பகுதி, 5 எல்லாத் தெரிவுகளும் உள்ள பட்டை. 4ஐ அழுத்தியபின் ஸ்பேஸ் தட்டினால் ஒரு சாளரத்தை மட்டும் எடுக்கலாம். கோப்பு மேசைத்திரையில் வந்து விழும். கண்ட்ரோலையும் சேர்த்துப் பிடித்தால் கோப்பாகாமல் நினைவகத்துக்குப் போகும்.

உபுண்டு 22.04 முதல் பிரிண்ட் ஸ்கிரீன் விசையே தேர்வுப் பெட்டியைத் திறக்கும். படம் பிக்சர்ஸ் கோப்புறைக்குள் சேரும்.

5. மறைந்துவிடும் பட்டியல், நீளமான பக்கம்

கீழிறங்கும் பட்டியலைப் படம் எடுக்கப் போனால் விசையைத் தொட்டதும் பட்டியல் மூடிக்கொள்ளும். ஸ்னிப்பிங் டூலைத் திறந்து, கடிகாரக் குறியில் 3, 5 அல்லது 10 வினாடித் தாமதம் வையுங்கள். படம் எடுக்கச் சொல்லிவிட்டு, அந்த நேரத்துக்குள் பட்டியலைத் திறந்து அப்படியே விட்டுவிடுங்கள். ஐந்து வினாடி பெரும்பாலும் போதும்.

திரைக்குக் கீழும் நீளும் பக்கத்தைத் துண்டுதுண்டாக எடுத்து ஒட்ட வேண்டாம். எட்ஜிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் கண்ட்ரோல் + ஷிப்ட் + எஸ் அழுத்தினால் முழுப் பக்கத்தையும் எடுக்கும் வழி வரும். குரோமில் எஃப்12 அழுத்தி, பிறகு கண்ட்ரோல் + ஷிப்ட் + பி, அங்கே ஆங்கிலத்தில் "ஸ்கிரீன்ஷாட்" என்று தட்டச்சு செய்து முழு அளவு என்பதைத் தேர்ந்தெடுங்கள். எதிலானாலும் முதலில் பக்கத்தின் அடிவரை ஒருமுறை உருட்டிவிட்டு மேலே வாருங்கள். பல தளங்களில் படங்கள் கண்ணில் படும்போதுதான் இறங்கும். உருட்டாமல் எடுத்தால் நடுவில் வெற்றுப் பெட்டிகள் வரும்.

ஸ்கிரீன்ஷாட்டே தேவைப்படாத இடங்களும் உண்டு. மைடெக்ஸில் வருமான வரிப் படிவத்தை அனுப்பியதும் கிடைக்கும் ஒப்புகைச் சீட்டை பிடிஎஃப் கோப்பாகவே இறக்கிக்கொள்ளுங்கள். வரி தொடர்பான ஆவணங்களை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும். பிடிஎஃப்பில் எழுத்து எழுத்தாகவே இருக்கும், பின்னால் தேடலாம், அச்சிட்டாலும் மங்காது. இறக்கும் பொத்தான் இல்லாத தளத்தில் கண்ட்ரோல் + பி அழுத்தி, அச்சுப்பொறியின் இடத்தில் பிடிஎஃப் என்று தேர்ந்தெடுத்தால் போதும்.

6. மறைக்க வேண்டியதை மறைத்தல்

இதில் அவசரம் வேண்டாம். எடுத்த படத்தை முழு அளவில் திறந்து, மேல் இடது மூலையில் தொடங்கி வலஞ்சுழியாக ஒரு சுற்றுப் பாருங்கள். முகவரிப் பட்டை, தாவல்கள், கணக்குப் பெயர், ஓரத்துப் பட்டியல், கீழ்ப் பட்டை. நடுவை மட்டும் பார்ப்பவர்கள் ஓரத்தில் இருப்பதைக் கோட்டைவிடுகிறார்கள்.

அடையாள அட்டை எண்ணை எடுத்துக்கொள்வோம். 12 இலக்கம். கடைசி நான்கை மறைத்துவிட்டால் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். மீதம் தெரியும் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம்: பினாங்கு என்றால் 07, கோலாலம்பூர் என்றால் 14. கடைசி இலக்கம் மட்டும் தெரிந்தாலும் ஒற்றைப்படை ஆண், இரட்டைப்படை பெண். தொலைபேசியில் அழைத்து "உங்கள் பிறந்த தேதியைச் சரிபார்க்கிறோம்" என்று தொடங்கும் மோசடிக்காரருக்கு அந்த எட்டு இலக்கமே நல்ல முதலீடு. 12ஐயும் மூடுங்கள்.

கியூஆர் குறியீட்டையும் பட்டைக் குறியீட்டையும் மூடுங்கள். கண்ணுக்கு அவை வெறும் கட்டங்கள். கைப்பேசிக்கு அவை முழு எழுத்து. விமானப் பயணச் சீட்டைக் குடும்பக் குழுவில் மகிழ்ச்சியோடு பகிரும்போது பெயரை மறைத்துவிட்டு, அதே பெயரைச் சுமக்கும் குறியீட்டைத் திறந்து விடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

மறைக்கும் கருவியிலும் கவனம் வேண்டும். மஞ்சள் தடவும் பேனா போன்ற ஹைலைட்டரால் கறுப்பு பூசாதீர்கள். அது ஒளி ஊடுருவும் மை. கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிந்தாலும் வெளிச்சத்தை ஏற்றினால் அடியிலிருக்கும் எண் எழுந்து வரும். மங்கலாக்குவதும் கட்டம் கட்டமாக்குவதும் எண்களுக்குப் போதாது. பத்தே இலக்கங்கள்தான் என்பதால் எது எது என்று ஒப்பிட்டுக் கண்டுபிடிக்க முடியும்.

நிச்சயமான வழி பெயிண்டில் இருக்கிறது. படத்தைப் பெயிண்டில் திறந்து, வடிவங்களில் செவ்வகம் எடுங்கள். கோட்டு நிறம், நிரப்பு நிறம் இரண்டையும் கறுப்பாக்குங்கள். நிரப்பு என்பதில் முழு நிறத்தைத் தேர்ந்தெடுங்கள், அதை மறந்தால் வெறும் சட்டம்தான் வரும். எண்ணின் அகலத்தை விடச் சற்று அதிகமாகவே மூடுங்கள். பிறகு "சேவ் ஆஸ்" கொடுத்துப் புதிய பெயரில் பிஎன்ஜியாகச் சேமியுங்கள்.

புதிய பெயர் ஏன்? 2023 மார்ச்சில் வெளிவந்த ஒரு குறையைச் சொன்னால் புரியும். விண்டோஸ் 11 ஸ்னிப்பிங் டூலிலும் விண்டோஸ் 10 ஸ்னிப் அண்ட் ஸ்கெட்சிலும், ஒரு படத்தை வெட்டி அதே கோப்பின் மேலேயே சேமித்தால், வெட்டியெறிந்த பகுதியின் தரவு கோப்பின் வாலில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்து படத்தின் பகுதிகளை மீட்க முடிந்தது. அதே மாதம் திருத்தம் வந்துவிட்டது. ஆனால் அதற்கு முன் அப்படி வெட்டிச் சேமித்த படங்கள் தாமாகச் சரியாகிவிடவில்லை. பழையதை மறுபடி அனுப்ப நேர்ந்தால் மூலத்திலிருந்து புதிதாக வெட்டுங்கள்.

விண்டோஸ் 11இல் இன்னொரு கண்ணி உண்டு. ஸ்கிரீன்ஷாட்ஸ் கோப்புறையில் தானாகச் சேருவது நீங்கள் மறைப்பதற்கு முந்தைய மூலப்படம். கறுப்புப் பூசிவிட்டுச் சேமிக்காமல் மூடி, பிறகு கோப்புறையிலிருந்து எடுத்து அனுப்பினால், மறைக்காததுதான் போகும். அனுப்பும் முன் கோப்பைத் திறந்து ஒருமுறை பாருங்கள்.

ஸ்னிப்பிங் டூலில் தானாக மறைக்கும் வசதியும் இருக்கிறது. அது தேடுவது மின்னஞ்சல் முகவரியையும் தொலைபேசி எண்ணையும்தான். நம் அடையாள அட்டை எண்ணுக்கு அதை நம்ப முடியாது.

வேர்டில் ஒட்டி வெட்டினால் வெட்டிய பகுதி ஆவணத்துக்குள்ளேயே கிடக்கும். பெறுபவர் வெட்டும் கைப்பிடியை இழுத்தால் எல்லாம் தெரியும். படத்தைத் தேர்ந்து, கம்ப்ரஸ் பிக்சர்ஸ் என்பதில் வெட்டிய பகுதிகளை நீக்கும் கட்டத்தில் குறியிடுங்கள். அதைவிட எளிது, பெயிண்டில் வெட்டி முடித்துவிட்டு வேர்டுக்குக் கொண்டுபோவது. பிடிஎஃப் மேல் கறுப்புப் பெட்டி வரைவதும் இதே கதைதான். பெட்டிக்கு அடியில் எழுத்து அப்படியே இருக்கும், தேர்ந்தெடுத்து நகலெடுக்கலாம்.

7. அனுப்புதல்

எழுத்து உள்ள படத்துக்குப் பிஎன்ஜி, புகைப்படத்துக்கு ஜேபிஜி. பிஎன்ஜி ஒரு புள்ளியையும் விடாமல் வைத்திருக்கும். ஜேபிஜி கூர்மையான விளிம்புகளைச் சுற்றி அழுக்குப் படிந்தது போல் ஆக்கும். எழுத்து முழுக்கக் கூர்மையான விளிம்புதானே.

புலனத்தில் கண்ட்ரோல் + வி கொடுத்து ஒட்டினால் அது புகைப்படமாகக் கருதப்பட்டுச் சுருக்கப்படும். இணைப்புக் குறியைத் தட்டி, ஆவணம் என்பதைத் தேர்ந்து, கோப்பை இணையுங்கள். அப்படியே போய்ச் சேரும்.

படத்தோடு இரண்டு வரியும் எழுதுங்கள்: எதைச் செய்யும்போது இது வந்தது, எத்தனை மணிக்கு. பிழை எண்ணைத் தட்டச்சு செய்தும் அனுப்புங்கள். படத்திலிருக்கும் எண்ணைப் பெறுபவர் தேடுபொறியில் ஒட்ட முடியாது. தமிழ் உரையைப் படத்திலிருந்து எழுத்தாக எடுக்க வேண்டுமானால் கூகல் டிரைவில் ஏற்றி, வலச்சொடுக்கில் கூகல் டாக்ஸ் கொண்டு திறவுங்கள். படத்தின் கீழே உரை வரும். ற, ர, ன, ண மாறியிருக்கலாம், மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள்.

8. பணம் ஏமாற்றப்பட்டிருந்தால்

பணம் போயிருந்தால் ஸ்கிரீன்ஷாட் இரண்டாவது வேலை. முதல் வேலை 997. 2022 அக்டோபரில் தொடங்கிய மலேசியாவின் தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண் அது. அங்கோ உங்கள் வங்கியின் அவசர எண்ணுக்கோ உடனே அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் நிறுத்த முடிந்தால்தான் உண்டு.

அழைத்து முடித்ததும் படம் எடுக்க உட்காருங்கள், தள்ளிப்போட வேண்டாம். அனுப்பியவர் புலனச் செய்தியை இரண்டு நாளுக்குப் பிறகும் எல்லாருக்குமாக அழிக்க முடியும்.

உரையாடலை மேலிருந்து கீழாக எடுங்கள். ஒரு படத்தின் கடைசிச் செய்தி அடுத்த படத்தின் முதல் செய்தியாக இருக்கட்டும். இப்படி ஒன்றன்மேல் ஒன்று ஏறி வந்தால் நடுவில் எதையும் விடவில்லை என்பது பார்ப்பவருக்கே தெரியும். அந்த ஆளின் பெயரைச் சொடுக்கித் தொலைபேசி எண் தெரியும் பக்கத்தையும் எடுங்கள். நீங்கள் சேமித்த பெயர் யாருக்கும் உதவாது. முகநூல் என்றால் முகவரிப் பட்டை கட்டாயம் வேண்டும். பெயரை நொடியில் மாற்றிவிடுவார்கள்.

பணப் பரிமாற்றப் பக்கத்தில் தேதி, நேரம், பெறுநர் கணக்கு, மேற்கோள் எண் நான்கும் தெரிய வேண்டும். முழுத்திரையாக எடுத்தால் கீழ்ப் பட்டையின் கடிகாரமும் சேரும்.

இங்கே மட்டும் ஆறாவது படிக்கு நேர்மாறு: வெட்டாதீர்கள், வட்டமிடாதீர்கள், எதையும் மூடாதீர்கள். மூலக் கோப்பை அப்படியே ஒரு பென் டிரைவில் நகலெடுத்து வைத்து, குறியிட வேண்டுமானால் இன்னொரு நகலில் குறியிடுங்கள். கணினியில் உருவான ஆவணங்களை நீதிமன்றம் ஏற்பதைப் பற்றி 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 90ஏ பிரிவு தனியாகவே பேசுகிறது. கை வைத்த படத்தை வைத்துக்கொண்டு வாதாடுவது கடினம். கைப்பேசியில் உள்ள உரையாடலையும் அழிக்க வேண்டாம்.

விற்பவர்களுக்கு ஒன்று. "பணம் போட்டுவிட்டேன்" என்று வரும் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துப் பொருளைக் கொடுக்காதீர்கள். 50 வெள்ளியை 500 வெள்ளி ஆக்கப் பெயிண்டே போதும். உங்கள் வங்கிக் கணக்கைத் திறந்து பணம் வந்திருக்கிறதா என்று பாருங்கள். முன்பின் தெரியாதவருக்குப் பணம் அனுப்பும் முன், அவர் கணக்கு எண்ணைப் போலீஸின் செமாக் மியூல் தளத்தில் தேடிப் பாருங்கள்.

9. பெயரிட்டு வைத்தல்

விண்டோஸ் தானாக வைக்கும் பெயர்கள் ஆறு மாதம் கழித்து எதுவும் சொல்லாது. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதியைத் தொடக்கத்தில் போட்டு, பின்னால் பொருளை எழுதுங்கள்: "2025-04-28 மின்கட்டணம்". ஆண்டு முதலில் இருந்தால் கோப்புகள் தாமாகக் கால வரிசையில் நிற்கும். நாளை முதலில் போட்டால் எல்லா மாதத்து முதல் தேதிகளும் ஒன்றாகக் குவியும். தமிழில் பெயரிடலாம், தேடினாலும் கிடைக்கும். அரசு, வங்கித் தளங்களில் ஏற்றப்போகும் கோப்புக்கு மட்டும் ஆங்கில எழுத்தும் எண்ணும் போதும். வேறு எழுத்தை ஏற்காத தளங்கள் உண்டு, ஏன் ஏற்கவில்லை என்றும் அவை சொல்லாது.

மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவ் இயங்கும் கணினியில் பிக்சர்ஸ் கோப்புறையே மேகத்துக்குப் போகலாம். கோப்புறையில் படத்தைக் காணவில்லை என்றால் முதலில் ஒன்டிரைவுக்குள் இருக்கும் பிக்சர்ஸைப் பாருங்கள். இலவச இடம் 5 ஜிபி, வீட்டில் வேறு யாரேனும் அதே கணக்கில் நுழைந்திருந்தால் அவர் கைப்பேசியிலும் உங்கள் படங்கள் தெரியும். வங்கி, மருத்துவம் தொடர்பான படங்களை வேலை முடிந்த அன்றே அழித்து, மீள்சுழற்சித் தொட்டியையும் காலி செய்யுங்கள். மேகத்தின் தொட்டி தனி, அதையும் சேர்த்து.